நீதிமன்றம் கலையும் வரை

சீராளன், தகப்பனார் பெயர் திருவேங்கடம்,
லிப்ட் மெக்கானிக், வயது முப்பத்தெட்டு.
மூன்று முறை கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.
முதல் முறையிலேயே எழுந்துவிட்டேன்.

சைதாப்பேட்டை. காலை பதினொன்று இருபது.
மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இல்லை,
வெறிபிடித்துச் சுற்றும், இல்லையென்றால் நிற்கும்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"
கண்ணாடி முன் பழகிய சொல்தான்.
பாதி வாயிலேயே நின்றது,
இரண்டு மாடிக்கு நடுவே.

"இது முதல் முறையா?" என்றார் நீதிபதி அம்மா.
நான் வாய் திறக்குமுன்
பெஞ்ச் கிளார்க் ஒரு தாளை நீட்டினார்.
போன வருடம், ஆடி மாதம்,
விஜயநகர் சிக்னல், எண்பத்து நான்கு.
கீழே என் கையெழுத்து,
அப்போதும் அவசரம்.

அன்று பத்தாயிரம் கட்டி
ரசீதை மடித்து வைத்தபோது
பஸ் டிக்கெட் என்றுதான் நினைத்தேன்,
இறங்கியதும் கசக்கிப் போடலாம்.
ஹேமாவிடம், வண்டி சர்வீசில் இருக்கிறது என்றேன்.
நான்கு நாள் சர்வீஸ்.
எங்கோ ஒரு கணினி
எங்கள் கல்யாண ஆல்பத்தைவிடப் பத்திரமாக
அந்த இரவை வைத்திருந்திருக்கிறது.

இந்த முறை கோட்டூர்புரம், பாலம் இறங்கும் இடம்.
ஆற்று நாற்றம். மணி பத்தே முக்கால்.
புதுக் குழாய், என் கண்ணெதிரே உறை பிரித்தார்கள்.
"சார், இழுக்கிறீங்க. ஊதுங்க."
என் தம்பி வயசுக் காவலர்,
மழைக்கோட்டுக்குள் வியர்த்திருந்தார்.
எல்லை முப்பது.
நூற்றுப் பன்னிரண்டு என்றது கருவி,
திட்டாமல், பச்சை எழுத்தில்.

எத்தனை பேர், எத்தனை கிலோ என்று
லிப்டுக்குள் பலகை மாட்டுகிறவன் நான்.
அளவு மீறினால் மணியடித்து
கதவை மூட மறுக்கும் பெட்டியைச்
சோதித்து, சரி என்று எழுதிக் கொடுப்பவன்.

"இரண்டாவது தடவைக்கு
இரண்டு வருடம் வரை போடலாம். தெரியுமா?"
தெரியும் என்றேன். நேற்றுதான் தெரியும்.
பேனா நெடுநேரம் எழுதியது.
பதினைந்தாயிரம் அபராதம்.
லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தம்.
நீதிமன்றம் கலையும் வரை சிறை.

கம்பி தேடிய என்னிடம்
வக்கீல் காதோரம் சொன்னார்:
"அதோ அந்த பெஞ்ச். உட்காருங்க. அதுதான்."

பக்கத்தில் கேட்டரிங் சட்டையோடு ஒரு பையன்.
"அண்ணா, உங்களுக்கு எவ்ளோ?"
சொன்னேன்.
"எனக்குப் பத்துதான்" என்றான்,
ரங்கநாதன் தெருவில் பேரம் படிந்தவன் மாதிரி.
அவனிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது.
போன வருடம் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால்
எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன்.

போன் அதிர்ந்தது. காவலர் முறைத்தார்.
அணைக்கும் முன் ஒரு வரி பார்த்தேன்:
பெரும்பாக்கம், பி பிளாக்,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், உள்ளே ஒருவர்.

வண்டி இருந்தால் முப்பது நிமிஷம்.
பயப்படாதீங்க, காற்று வரும்,
கதவை நெம்பாதீங்க, ஆள் வந்துகொண்டே இருக்கு,
இண்டர்காமில் சொல்வது எல்லாம்
அந்த பெஞ்சில் எனக்குள்ளேயே ஓடியது.
உள்ளே இருப்பது யாரென்று தெரியவில்லை.
கூப்பிட்டுக் கூப்பிட்டு
எந்த நிமிஷத்தில் நிறுத்தியிருப்பார்?

மதியம் ஒரு செயின் பறிப்பு. ஒரு செக் மோசடி.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஐந்து பத்துக்கு அம்மா எழுந்தார்.
எல்லோரும் எழுந்தோம்.
என் சிறை அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் போனை உயிர்ப்பித்தேன்.
பதினோரு தவறிய அழைப்பு.
கம்பெனியிலிருந்து: வேறு ஆள் திறந்தாச்சு. ஐம்பது நிமிஷம்.
நாளைக்கு ஆபீஸ் வாங்க.
ஹேமாவிடமிருந்து: வண்டி எங்கே?

ச என்று தட்டினேன்.
சர்வீஸ் என்று
போனே முடித்துக் கொடுத்தது.

வேளச்சேரி பஸ் ஒன்று வந்து, நின்று, போனது.
அழித்தேன்.
அதே வரிசையில் இன்னொரு எழுத்து.
சைதாப்பேட்டை, என்று ஆரம்பித்தேன்.